மூக்கு சொல்வதும் மீட்டர் சொல்வதும்

காத்திவாக்கம் என்றொரு நகராட்சி இப்போது இல்லை. 2011-ல் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து, திருவொற்றியூர் மண்டலத்தின் சில வார்டுகளாகக் கரைந்துபோனது. ஆனால் காற்றை அளப்பவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் உயிரோடு இருக்கிறது: ‘காத்திவாக்கம், நகராட்சிக் கல்யாண மண்டபம்’. தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவீட்டு நிலையங்களில் அதுவும் ஒன்று.

இந்தத் திட்டத்தின் விதி எளிமையானது. ஆள் போய் இயக்கும் கருவி வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம் ஓட வேண்டும். வருடத்துக்கு 104 நாள். மீதி 261 நாளில் காற்று என்ன செய்தது என்று அந்தக் கருவியைக் கேட்டால் அதற்குத் தெரியாது. முகூர்த்தம் பார்த்துக் கல்யாணம் செய்யும் இடத்தில் காற்றுக்கும் முகூர்த்தம் குறித்திருக்கிறோம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாடு முழுக்க இப்படித்தான். நீண்ட காலப் போக்கை அறிய 104 நாள் கணக்கு போதும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். ஆனால் காத்திவாக்கத்தில் குடியிருப்பவருக்கு நீண்ட காலப் போக்கு வேண்டியதில்லை. இப்போது, இந்த நிமிடம், ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா என்று தெரிய வேண்டும். அதற்கு அவரிடம் இருப்பது மூக்கு மட்டும்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். இந்த ஒடுங்கிய நிலத்தின் தெற்கிலும் மேற்கிலும் வடக்கிலும் உர ஆலை, மணலி சுத்திகரிப்பு நிலையம், அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம். நடுவே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் ‘மிக மோசமாக மாசுபட்ட பகுதி’. நாட்டில் அப்படி 43 இடங்கள் தேறின, மணலி 76.32 வாங்கியது. பள்ளியில் வாங்கினால் பாராட்டியிருப்பார்கள்.

பத்தொன்பது ஆண்டு கழித்து அதே தேதி

2023 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் நினைவு நாள். கடலோரக் குப்பங்களில் பூவும் பாலும் கடலில் விட்டு, போனவர்களை நினைத்துக்கொள்ளும் நாள். அன்று இரவு பதினொன்றரைக்கு மேல் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது நெடி. கண் எரிந்தது, தொண்டை கமறியது, மூச்சு அடைத்தது. பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு, கையில் கிடைத்த துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தெருவுக்கு வந்தார்கள். நடந்தும், பைக்கிலும், கிடைத்த ஆட்டோவிலும் கடற்கரையை விட்டு விலகினார்கள். கடலிலிருந்து வந்த ஆபத்துக்காக 2004-ல் ஓடியவர்கள், அதே தேதியில் மறுபடியும் ஓடினார்கள்.

கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்திருந்தது. அம்மோனியா திரவமாக இருக்க வேண்டுமென்றால் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். கப்பல் வருமுன் குழாயையும் குளிரூட்டித் தயார் செய்வார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் கசிந்தது. அம்பது பேர் அளவில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டார்கள்.

நிறுவனத்தின் முதல் அறிக்கை சுருக்கமானது. குழாயில் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டோம், குறைந்த நேரத்தில் சரிசெய்தோம், உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு அசௌகரியம் ஏற்பட்டது, எல்லோரும் நலம் என்பது அதன் சாரம். நள்ளிரவில் குழந்தையோடு ஓடியது ‘அசௌகரியம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எண்கள் வந்தன. ஆலை வாசல் அருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா; அனுமதிக்கப்பட்ட எல்லை 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், எல்லை 5.

எண் வந்ததும் நாம் நிம்மதியடைகிறோம். ‘ஐந்து மடங்கு’ என்று தலைப்பு போட்டு அடுத்த செய்திக்குப் போகிறோம். சற்று நிதானித்தால், அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான எல்லை என்பது தெரியும். 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோலில் அப்படித்தான் இருக்கிறது. அந்த இரவு பெரியகுப்பத்தில் யாரும் சராசரியைச் சுவாசிக்கவில்லை. கசிவின் உச்சத்தில், வீட்டுக்குள், ஒரு குழந்தையின் முகத்தருகே எவ்வளவு இருந்தது என்பதை எந்தக் கருவியும் பதியவில்லை. வாசலில் எடுத்த அளவு உண்மை. அது மூச்சுத் திணறியவரின் உண்மையை முழுதாகச் சொல்லாது.

குழாயைச் சுற்றிப் போட்டிருந்த பாறாங்கற்களை அந்த மாதத் தொடக்கத்தில் வீசிய மிக்ஜாம் புயல் நகர்த்தியதில் குழாய் சேதமடைந்திருக்கலாம் என்று அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு சொன்னது. புதுக் குழாய், தானாகக் கண்டறியும் உணரிகள், அபாய ஒலி என்று பரிந்துரைத்தது. 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கவும் சொன்னது. ஆலையைத் திறக்கக் கூடாது என்று மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் நிபந்தனைகள் விதித்தது. 2024-ல் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் முக்கியமான ஏதாவது நடந்தால், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பங்குச் சந்தைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது செபியின் விதி. மீறினால் அபராதம். மும்பையில் உட்கார்ந்து நூறு பங்கு வைத்திருப்பவருக்கு நிறுவனம் செய்தி சொல்ல வேண்டிய நேரம் மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. மதில் சுவருக்கு வெளியே படுத்திருப்பவருக்கு அந்த இரவில் செய்தி நெடியாக வந்தது.

தராசு எந்தப் பக்கம் தப்புகிறது?

காத்திவாக்கத்துக்காரர்கள் எதையும் நம்புவதில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக இரண்டு பழைய கதைகள்.

2017 ஜனவரி 28 விடியற்காலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. துறைமுகம் தந்த முதல் செய்தி: எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை. அடுத்த நாளே எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. ஆமைகள் செத்துக் கரையொதுங்கின. பிறகு கசிவு உண்டு, கொஞ்சம்தான் என்றார்கள். பிறகு 20 டன் வரை என்றார்கள். அள்ளிய சேறோ நூறு டன்னைத் தாண்டிப் போனது. எண்ணெய் கடல் நீரோடும் மணலோடும் கலந்தால் பல மடங்கு பெருகும் என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் அறிவியல்படி சரிதான். ஆனால் ‘இல்லை’ என்று ஆரம்பித்தவர்கள் சொன்னதால் சரியான விளக்கமும் சமாளிப்பாகவே காதில் விழுந்தது. நாடு செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய காலத்தில், மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் பிளாஸ்டிக் வாளியால் எண்ணெய் மொண்டதை உலகமே பார்த்தது.

இரண்டாவது, அம்மோனியா கசிவதற்கு மூன்று வாரம் முன்பு. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரில் மார்பளவு கறுப்புக் கோடு, படகில், வலையில், கூழைக்கடாவின் இறகில் எண்ணெய். மணலி சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் சென்னை பெட்ரோலியம் நிறுவனம் தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது. வாரியத்தின் ஆய்வு, எண்ணெய் அந்த நிறுவனத்தின் மழைநீர் வெளியேறும் இடத்திலிருந்து வந்ததைக் காட்டியது. குழாய் கசியவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். வளாகத்திலிருந்த எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறியிருக்கலாம். ஆனால் கழிமுகத்தை ஒட்டிய காட்டுக்குப்பத்தில் இருப்பவர் குழாயைப் பற்றிக் கேட்கவில்லை. எண்ணெய் உன்னுடையதா என்று கேட்டார். கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்வியின் பதிலைச் சொல்வது நம்மூரில் எல்லோருக்கும் பழகிய வித்தை.

கடலில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் எண்ணெய் படர்ந்திருந்ததைக் கடலோரக் காவல் படை கண்டது. மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மீனவக் கிராமங்களின் 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500. பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. பழுதான 787 படகுகளுக்குத் தலா 10,000. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது. ஃபைபர் படகிலும் வலையிலும் ஒட்டிய எண்ணெயைச் சுரண்டிப் பார்த்தவர்களைக் கேட்டால், பத்தாயிரம் எதற்குக் காணும் என்பார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். அவசரத்தில் சொல்லும் முதல் தகவல் தவறாகப் போவது இயல்பு, யாருக்கும் வரும். உண்மையான தவறு சில சமயம் கூடுதலாகவும் சில சமயம் குறைவாகவும் வரும். 2017-ல் முதல் தகவல் குறைவாகச் சொன்னது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் குறைவாகச் சொன்னது. கடைசி வாரத்திலும் குறைவாகவே சொன்னது. மளிகைக் கடைத் தராசு ஒரு நாள் ஐம்பது கிராம் கூடவும் ஒரு நாள் ஐம்பது கிராம் குறையவும் காட்டினால் அது பழைய தராசு. எந்நாளும் கடைக்காரர் பக்கமே தப்பினால் அதற்கு வேறு பெயர். காத்திவாக்கத்துக்காரர்கள் முதல் அறிக்கையைப் படித்ததும் மனதுக்குள் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால், அதை அவநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். அது அனுபவத்திலிருந்து வந்த கணிதம்.

இன்னொன்று: மளிகைக் கடைத் தராசை ஆண்டுதோறும் சோதித்து முத்திரை போடத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இருக்கிறது. அதிகம் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் கருவி வைத்து, எண்களை இணையம் வழியே வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2014-ல் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அந்தக் கருவியை வாங்குவதும் பராமரிப்பதும் அளவு திருத்துவதும் ஆலைதான். கால் கிலோ பருப்புக்கு இருக்கும் கண்டிப்பு ஊர்க் காற்றுக்கு வேண்டாமா?

மூக்குக்கும் எல்லை உண்டு

அப்படியானால் மூக்கை நம்பிவிடலாமா? அதிலும் சிக்கல் இருக்கிறது.

2024 அக்டோபர் 25, திருவொற்றியூர் கிராமத்தெருவில் ஒரு தனியார் பள்ளி. வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்குத் திடீரென்று நெடி அடித்தது, கண் எரிந்தது, மயங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, வாரியத்தின் நடமாடும் ஆய்வு வண்டி வந்து நின்று அளந்தது. ஆபத்தான வாயு எதுவும் சிக்கவில்லை. நவம்பர் 4-ல் பள்ளியை மறுபடி திறந்தார்கள். அன்றும் சில பிள்ளைகள் மயங்கினார்கள். பெற்றோர் கொதித்தார்கள். எங்கிருந்து வந்தது, என்ன வாயு என்பதற்கு ஊர் ஏற்கும்படியான பதில் கிடைக்கவில்லை.

மீட்டர் பொய் சொன்னது என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். நான் அப்படி எழுத மாட்டேன். கருவி வரும்போது வாயு போயிருக்கலாம். அந்தக் கருவி தேடாத வாயுவாக இருந்திருக்கலாம். ஒரு பிள்ளை மயங்கியதைப் பார்த்த பயம் இன்னொரு பிள்ளையைத் தள்ளியிருக்கலாம். அதற்குப் பத்து மாதம் முன்புதான் அம்மோனியாவுக்கு ஓடிய பகுதி இது, அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எதையும் அளக்காத நேரத்தில் நடந்ததைப் பிறகு வந்து அளந்தால் வரும் பதில் ‘தெரியாது’ என்பதுதான். அதை ‘ஒன்றுமில்லை’ என்று மாற்றிச் சொல்வதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது.

மூக்கு தோற்கும் இடங்களும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நெடி கிடையாது. அழுகிய முட்டை நெடி அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால், முதலில் மூக்கையே மரக்க வைக்கும். நெடி நின்றதும் ஆபத்து போய்விட்டதாக நினைப்போம், உண்மையில் கூடியிருக்கும். முடியின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகளை முகர முடியாது. ‘கேஸ் அடிக்குது’ என்று ஊர் சொல்லாத நாளிலும் நுரையீரல் கெடும். ஆகவே மீட்டர் வேண்டும்.

மீட்டர் என்றதும் எல்லோரும் கைப்பேசியை எடுக்கிறார்கள். காத்திவாக்கம் என்று தட்டினால் ஒரு வண்ணம், ஒரு எண். அந்த எண் எங்கிருந்து வருகிறது? மத்திய வாரியத்தின் ‘சமீர்’ செயலி தொடர்ந்து அளக்கும் நிலையங்களின் எண்ணை அந்தந்த நிலையத்தின் பெயரோடு தருகிறது. இந்தப் பகுதிக்கு மணலியைப் பார்க்கலாம். பல தனியார் செயலிகள் செயற்கைக்கோள் படத்தையும் வானிலைக் கணக்கையும் தூரத்து நிலையங்களையும் குழைத்து, உங்கள் தெருவுக்கு ஓர் எண்ணை ஊகித்துத் தருகின்றன. ஊகம் கெட்டதில்லை. ஆனால் ஊகித்த எண்ணும் அளந்த எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே வண்ணத்தில் திரையில் தெரிகின்றன. தவிர, 24 மணி நேரச் சராசரியாகச் சொல்லும் குறியீட்டில் நள்ளிரவு அரை மணி நேரக் கசிவு அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். நிலையத்தின் பெயரும் அளந்த நேரமும் இல்லாத எண்ணை நான் ராசிபலன் வரிசையில் வைக்கிறேன்.

செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்கள்

காசிமேட்டில் மீன் வாங்கும் பெண்களை ஒரு விடியற்காலை வேடிக்கை பாருங்கள். விற்பவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே கை வேலை செய்யும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், சிவப்பா வெளுப்பா என்று. கண் பளிச்சென்று இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா. விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா. இவ்வளவும் அஞ்சு நொடி.

2018-ல் இந்தச் சோதனையே ஆட்டம் கண்டது. கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. சென்னையிலும் பீதி; இங்கே அப்படி இல்லை என்று அரசு சொன்னது; பல வீடுகளில் சில வாரம் மீன் வாங்கவில்லை. ஃபார்மலின் பிணத்தைப் பதப்படுத்தும் மருந்து. அது மீனின் சதையை விறைப்பாக வைத்திருக்கும். அதாவது, வாங்குபவர் எந்த அடையாளத்தை நம்பி விரலால் அழுத்துகிறாரோ, ஏமாற்றுபவர் அந்த அடையாளத்தையே பொய்யாக உண்டாக்கினார். பரிசோதகர் வரும் நாள் தெரிந்துவிட்டால் புகைபோக்கி அன்று நல்ல பிள்ளையாக இருப்பதும் இதே கதைதான். இரவில்தான் அதிகம் விடுகிறார்கள் என்பது வடசென்னையின் நெடுநாள் புகார்.

மீனுக்குப் பதில் கிடைத்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு சின்னக் காகிதப் பட்டையை உருவாக்கியது. மீனின் மேல் தேய்த்து ஒரு சொட்டு மருந்து விட்டால், ஓரிரு நிமிடத்தில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஃபார்மலினுக்கு ஒன்று, அம்மோனியாவுக்கு ஒன்று. அந்தப் பட்டை யார் கையிலும் ஒரே பதிலைத் தரும், அதிகாரி கையிலும் மீன்காரம்மா கையிலும்.

எண்ணெய் கசிந்த பிறகு எண்ணூர் மீன் என்றால் வாங்க ஆளில்லாமல் போனது. நல்ல மீனும் சேர்ந்தே விலை போகவில்லை. சோதித்துச் சொல்ல நம்பகமான ஆள் இல்லாத ஊரில், வாங்குபவர் எல்லாவற்றையும் ஒதுக்குகிறார். நட்டம் மீனவருக்கு, எண்ணெயை விட்டவருக்கு அந்த நட்டத்தில் பங்கு கிடையாது.

வரைபடத்தில் இல்லாத கழி

எண்ணூரில் ஆவணத்திலிருந்து ஒரு கழியே காணாமல் போயிருக்கிறது. 1991-ல் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு வந்த பிறகு, 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர்க் கழி சுமார் 6,500 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. எதுவும் கட்டக் கூடாத பகுதி. பிறகு புழக்கத்துக்கு வந்த மாநில வரைபடம் ஒன்றில் அந்தக் கழி இல்லை. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற தாள்களை வைத்துச் செயல்பாட்டாளர்களும் மீனவர்களும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் பெண்கள் இடுப்பளவு நீரில் நிற்கிறார்கள். தாளில் அந்த இடம் தரை.

அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் மேடு தட்டிப்போனதை மீனவர்கள் சொன்னபோது, அது வெறும் புகாராக இருந்தது. காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் வழக்குத் தொடுத்து, நிபுணர் குழு வந்து பார்த்து, 2022 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிய பிறகே அது உண்மையானது. ஆற்றின் அடியில் புதிதாகப் பரவி மஞ்சள் மட்டியை அழிக்கும் ஒரு சிப்பியை மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று பெயரிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம், கப்பல்களின் நிலைப்படுத்தும் நீரோடு வந்திருக்கலாம் என்ற விளக்கமெல்லாம் பிறகுதான். ஆற்றில் தினமும் கை வைப்பவரிடம் உள்ள தகவலுக்குச் சான்றிதழ் கிடைக்க இங்கே ஐந்து வருடம் பத்து வருடம் ஆகிறது.

ஊடகங்களைச் சேர்ந்தவன் என்ற முறையில் எங்கள் பங்கையும் சொல்கிறேன். அம்மோனியா கசிந்தது 26 நள்ளிரவு. 27 முழுக்க கேமராக்கள் பெரியகுப்பத்தில் நின்றன. 28 காலை விஜயகாந்த் காலமானார். எல்லா கேமராக்களும் அங்கே போயின. போனதில் தவறில்லை. திரும்பி வராததில்தான் தவறு. குழாய் ஏன் உடைந்தது, யார் சொன்னார், எவ்வளவு அபராதம் என்ற செய்திகள் வந்தபோது அவை உள்பக்கத்தில் இரண்டு பத்தி.

கடலூர் வாளி

நம்பத்தக்க அளவீடு எப்படி இருக்கும் என்று கேட்டால் கடலூரைக் காட்டுவேன். சிப்காட் வளாகத்தின் நெடியைத் தாங்க முடியாமல், அதைச் சுற்றியுள்ள கிராம மக்கள் சிலர் 2004-ல் காற்றை வாளியில் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். வாளி என்றால் வாளியேதான். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே வேதிப்பொருள் ஒட்டாத ஒரு பை, காற்றை உறிஞ்ச ஒரு சின்ன பம்பு. 1990-களில் கலிபோர்னியாவில் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்காக உருவான யோசனை. நெடி அடிக்கும் அந்த நிமிடத்தில் பையைத் திறந்து காற்றை அடைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், நெடி எப்படி என்று நோட்டில் எழுதுவார்கள்: அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நகப்பூச்சு, பிண வாடை. முடிவில் பல நச்சு வேதிப்பொருட்களின் பெயர்கள் வந்தன.

இதில் மூக்கும் இருக்கிறது, மீட்டரும் இருக்கிறது. எப்போது அளக்க வேண்டும் என்று மூக்கு சொன்னது. என்ன வாயு என்று ஆய்வகம் சொன்னது. கருவியைத் திறக்கும் நேரத்தை முடிவு செய்தவர் பாதிக்கப்பட்டவர். காத்திவாக்கத்துக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல நிறுவனம், நல்ல அதிகாரி, நல்ல நிருபர் என்று ஆளைத் தேடி நம்புவதை விட, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக் கூடிய எண்ணைக் கேட்பது மேல். அம்மோனியா உணரி ஆலைக்குள் இருக்கட்டும். அதன் எண் ஓடும் பலகை ஒன்று மதிலுக்கு வெளியே, பெரியகுப்பத்துப் பிள்ளைகள் படிக்கும்படி நிற்கட்டும்.

இது புதுக் கோரிக்கை இல்லை. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: ஆலையில் உள்ள ஆபத்தையும் அதைச் சமாளிக்கும் வழியையும் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அபாயகரமான வேதிப்பொருட்கள் பற்றிய 1989-ம் ஆண்டு விதிகளில் 14-வது விதி ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தைக் கேட்கிறது. 15-வது விதி, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை அருகில் வசிப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது.

எனவே காத்திவாக்கம், எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சென்னை என்று விலாசம் எழுதுங்கள். என் வீட்டைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கான வெளி அவசரத் திட்டத்தின் நகல் வேண்டும். என் தெருவுக்கு அபாயச் சங்கு எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது ஒலித்துப் பார்த்தார்கள், ஒலித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரம். ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.